வல்லக்கோட்டையில் ஒரு அல்லேலூயா

அக்கினி நட்சத்திரம் பிறந்த மறுநாள் காலை, தண்டலத்தில் ஒரு வீட்டில் ஸ்வெட்டர் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கைய நல்லா நீட்டுடி," என்றாள் செல்லம்மாள். "பாஸ்டரம்மா ஆசையா குடுத்தது. ஊட்டி போனப்ப வாங்கினாங்களாம்."

"அம்மா, வேர்த்து ஊத்துது. கழட்டிடறேனே."

"குன்னூர்ல வேர்க்காது. அங்க போயி குளுருதுன்னு எனக்கு எழுதாத, சொல்லிட்டேன்."

ஜாஸ்மின் ஸ்வெட்டருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. அம்மா சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரங்க் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

இந்தக் கோடை முழுக்க ஜாஸ்மினுக்கு பஸ்ஸும் ரயிலுமாகவே போயிருந்தது. தாம்பரத்தில் பியானோ தெரிந்தவர்தான் வேண்டும் என்றார்கள். காஞ்சிபுரத்தில் வீணை கேட்டார்கள். போன வாரம் அரக்கோணத்தில், பாட்டு டீச்சர் வேலையோடு பி.டி. டீச்சர் வேலையும் சேர்த்துப் பார்ப்பாயா என்று கேட்டு, மைதானத்தை ஒரு சுற்று ஓட வைத்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஓடினாள். ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து நின்றபோது, வேலை யாரோ ஒருவருடைய மைத்துனி மகளுக்குப் போயிருந்தது.

சரி என்று சொன்ன ஒரே இடம் குன்னூர். போர்டிங் பள்ளிக்கூடம். சாப்பாடு, தங்க அறை, எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு ரயில்.

அதற்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு இன்டர்வியூ. வல்லக்கோட்டையில், இன்று. அது கிடைத்தால் குன்னூர் போக வேண்டாம். கிடைக்காவிட்டால் இந்த ஸ்வெட்டர்தான்.

ஜாஸ்மினுக்கு ஊரை விட்டுப் போக மனசில்லை. சபையில் அவள் சேர்த்து வைத்திருக்கும் பாடகர் குழு ஒரு காரணம். படப்பையில் அக்கா மெர்சி முழுகாமல் இருப்பது இன்னொரு காரணம். அப்பா மூன்றாவது. நாலாவது காரணம் சபையில் டோலக் வாசிக்கும். அப்பா வேலை செய்யும் பம்ப் கம்பெனியில், அப்பாவின் லைனிலேயே வேலை பார்க்கும். பெயர் பிரசன்னா. அவனும் இவளும் இதுநாள் வரை சுருதியையும் தாளத்தையும் தவிர வேறு எதையும் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டியதை எல்லாம் அதற்குள்ளேயே பேசிவிட்டதாக இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நைட் ஷிப்ட் முடித்து, கிரீஸ் கறை போகாத கையோடு யாக்கோபு வந்து நின்றார்.

"கெளம்பலாமா பாப்பா?"

"நீங்க தூங்கலியாப்பா?"

"பஸ்ல தூங்கிக்கிறேன். மூஞ்சி கழுவிக்கினு வந்துடறேன்."

செல்லம்மாள் மகளின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "முருகன் கோயில் ஊரு. சிலுவைச் செயின உள்ளாற வுட்டுக்கோ."

"எதுக்கும்மா? அப்ளிகேஷன்லயே ஜாஸ்மின், தகப்பனார் பேரு யாக்கோபுன்னு எழுதியிருக்கேன். செயின மறைச்சா அப்பா பேர எங்க மறைக்கிறது?"

"வாயி, வாயி! இந்த வாய வெச்சிக்கினுதான் அரக்கோணம் போனியா?"

"அங்க வாய் கேக்கலம்மா. கால்தான் கேட்டாங்க."

*

ஸ்ரீபெரும்புதூரில் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள்கோயில் பஸ் பிடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எலெக்‌ஷன் சுவரெழுத்துகள் ஓடின. யாக்கோபு தூங்கவில்லை.

"ராத்திரி ஏறினா காலையில மேட்டுப்பாளையமாமே?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்புறம் மல ரயிலாம்."

"ம்."

"மெதுவாத்தான் போவுமாம். நடந்தே போறவன் முந்திக்கினு போவானாம். கம்பெனியில பாலு சொன்னான்." சிறிது நேரம் வெளியே பார்த்தார். "நல்ல எடந்தான். குளுரு எடம்."

அதற்குமேல் அவர் குன்னூரைப் பற்றிப் பேசவில்லை. வல்லக்கோட்டைக் கூட்டுரோட்டில் இறங்கும்போது மட்டும், "தண்ணி குடிச்சிட்டுப் போ. தொண்ட காஞ்சி போயிருக்கும்," என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த பாட்டிலை நீட்டினார்.

*

பள்ளிக்கூடத் தாளாளர் ஜெகநாதன், பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு. அவளுடைய சான்றிதழ்களை முன்னும் பின்னும் திருப்பி, ஓரம் கிழிந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

"பேப்பர்லாம் சரியா கீது. ஆனா பேப்பரா பாடப் போவுது? இதுக்கு முன்னாடி இருந்த பாகவதர் பெரிய வித்வான். அவரு பாடுவாரு. பசங்க தூங்குவானுங்க. போன ஆண்டு விழாவுல மைக்கு முன்னாடி நிக்க வெச்சா ஒருத்தனும் வாயத் தொறக்கல. மைக் செட்டுக்காரன் மைக்குதான் ரிப்பேருன்னு கழட்டிப் பாத்துக்கினு இருந்தான்!"

ஜாஸ்மின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்காதம்மா. ஊரே சிரிச்சாச்சு. லீவு நாளுன்னாலும் தெருத் தெருவாப் போயி பசங்களக் கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கேன். வாயத் தொறந்து பாட வெச்சிக் காட்டு. மத்தத அப்புறம் பேசலாம்."

யாக்கோபு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் உள்ளே போனாள். தாளாளர் பின்னால் போய் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

ஜாஸ்மினுக்குப் பாட்டு வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டாள். 'உங்களுக்குப் பிடிச்ச பாட்ட நீங்க பாடுங்க' என்பாள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை எந்தச் சுருதியில் கத்துகிறார்களோ அதுதான் அந்த வகுப்பின் சுருதி. அதைப் பிடித்துக்கொண்டுதான் தன் பாட்டை ஆரம்பிப்பாள். எந்த ஊரிலும் இது தவறியதில்லை.

"பசங்களா, மொதல்ல உங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு ஒண்ணு. எல்லாரும் சேந்து, சத்தமா!"

சொல்லி முடித்த பிறகுதான் முகங்களைப் பார்த்தாள். சொல்வதற்கு முன் பார்த்திருக்க வேண்டும்.

முன் வரிசையில் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்த சிறுமி அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். கங்கா. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனையும் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளையும்.

கோடை விடுமுறையில் சபைகளில் குழந்தைகளுக்குப் பத்து நாள் வகுப்பு நடக்கும். வி.பி.எஸ். என்பார்கள். கதை, பாட்டு, ஆட்டம், கடைசியில் பிஸ்கெட். யார் வேண்டுமானாலும் வரலாம். இன்டர்வியூ இல்லாத நாட்களில் ஊர் ஊராகப் போய் அந்த வகுப்புகளில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது ஜாஸ்மின்தான். போன வாரம் மாத்தூர். மாத்தூருக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவே பிள்ளைகள் ஓடி வருகிற தூரம்தான்.

"அக்கா! நோவா தாத்தா பாடலாமா?" என்று கேட்டுக்கொண்டே கங்கா எழுந்துவிட்டாள்.

"இல்லம்மா, அது வேணாம், வேற ஏதாவது ஸ்கூல் பாட்டு…"

யார் காதிலும் விழவில்லை. பெஞ்சுகள் நகர்ந்தன. மொத்த வகுப்பும் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டது.

"நோவா தாத்தா ராவும் பகலும் ஓ.டி. பாத்தாரு!
ஊரே சிரிக்க மேட்டு மேல படகு செஞ்சாரு!
யானை ரெண்டு, ஆமை ரெண்டு, கொசுவும் ரெண்டு ஏறு!
மழையும் நின்னா ஒண்ணாக் குதிச்சு ஒசத்திக் குரலில் கூறு…"

அத்தனை பேரும் எம்பிக் குதித்தார்கள்.

"அல்லேலூயா!"

தகர ஷீட் கூரை அதிர்ந்தது. வெளியே வேப்ப மரத்திலிருந்து காகங்கள் கிளம்பின. வராந்தாவில் யாக்கோபு கண்ணை மூடிக்கொண்டார். 'போச்சு. குன்னூர்தான்.'

ஜெகநாதன் எழுந்து முன்னால் வந்தார்.

"இத யாரு சொல்லிக் குடுத்தது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்துவிட்டது. கங்கா தரையைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல சார். நாங்களேதான்."

ஜாஸ்மின் கங்காவைப் பார்த்தாள். இந்தப் பொடிசு தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது. சும்மா நின்றாலே போதும்.

"பொய் சொல்லாத கங்கா," என்றாள். "நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். மாத்தூர் வி.பி.எஸ்ல. பாட்டு கட்டினதும் நான்தான்."

"எங்க ஊருப் பசங்களுக்கா?"

"யாரு வந்தாலும் உக்கார வெப்போம் சார். கடைசியில பிஸ்கெட் குடுப்போம்."

"அதான பாத்தேன். பிஸ்கெட்டுக்குப் போயிருக்கானுங்க!"

"இல்ல சார்," என்றாள் கங்கா வேகமாக. "பிஸ்கெட்டு தீந்து போன அன்னிக்கும் போனோம்!"

ஜெகநாதன் அவளையே பார்த்தார். பிறகு ஜாஸ்மினிடம் திரும்பினார். குரலில் கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அந்தக் கொசுவ எதுக்கும்மா கப்பல்ல ஏத்தினாரு?"

"சார்?"

"யானைய ஏத்தட்டும். ஆமைய ஏத்தட்டும். கொசுவ மட்டும் வுட்டுட்டு வந்திருந்தா, நாமல்லாம் ராத்திரியில நிம்மதியா தூங்கியிருப்போமே!"

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அடுத்த நொடி வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஜாஸ்மினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, காபி டம்ளர்களோடு தாளாளரின் மனைவி அலமு உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தின் பின்கட்டுதான் அவர்கள் வீடு.

"என்னா, இங்கயும் நோவா தாத்தாவா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க. கங்கா பத்து நாளா எதிர் வூட்டுல இதத்தான் கத்திக்கினு கீறா. நானே மோர் கடையறப்ப பாடறேன். மத்து நல்லா சுத்துது."

"அல்லேலூயாவுமா?"

"அந்த எடத்துல முருகான்னு போட்டுக்குவேன்," என்று சொல்லிவிட்டு, அலமு காபியை ஜாஸ்மின் கையில் வைத்தாள். "குடிம்மா. ஆறிடப் போவுது."

*

ஜெகநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது முருகன் பேர்ல நடக்கற பள்ளிக்கூடம். காலையில பிரேயர்ல அவன் பாட்டுதான். நீ எப்படிச் சொல்லிக் குடுப்ப?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அழகான பதில் ஒன்றும் தயார் செய்து வைத்திருந்தாள். இப்போது அது மறந்துவிட்டது.

"அவங்க சாமிய அவங்க பாடணும் சார். நான் சுருதி சேத்துக் குடுப்பேன், தாளம் சொல்லிக் குடுப்பேன். நான் கும்புடறது வேற, அத ஒளிக்க மாட்டேன். ஆனா நோவா தாத்தாவ இங்க கொண்டார மாட்டேன். அது என் பொறுப்பு."

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். திடீரென்று அந்தப் பெரிய மனிதர் முகத்தில் வெட்கம் வந்துவிட்டது.

"இது நானே எழுதினது. பாகவதர், இது பாட்டே இல்லைன்னுட்டாரு. நீ பாரு."

ஜாஸ்மின் படித்தாள்.

"கோட்டையிலே குடியிருக்கும் குமரவேல் முருகா
நீலத்தோகை மயிலொன்று நின்னிடம் உளதே
மேற்படி மயில்மீது விரைந்து நீ வருவாய்
ஆகவே அடியார்கள் அச்சமின்றி வாழ்வோம்."

இன்னொரு தரம் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார், தாளத்துல நிக்கணும்னா ஒரு சொல்ல எடுக்கணும்."

அலமு, டம்ளரைக் கழுவ எடுத்தவள், அப்படியே நின்றாள். அவள் கணவரின் எழுத்தில் கை வைத்தவர்கள் இதுவரை இல்லை.

"எந்தச் சொல்லு?"

"மேற்படி."

"அப்புறம் எந்த மயிலுன்னு எப்படித் தெரியும்?"

"முருகருக்குத் தெரியாதா சார்?"

அலமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜெகநாதன் தாளை வாங்கிப் பார்த்தார். பதிவு அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் எழுதிய சொல். மேற்படி மனை, மேற்படி கிணறு, மேற்படி வரப்பு. பேனாவை எடுத்தவர் மூடியைத் திறக்கவே நேரம் பிடித்தது.

"சரி. எடுத்துடறேன். 'அழகு மயில்' போட்டுக்கோ. ஆனா 'ஆகவே' இருக்கணும்."

"இருக்கட்டும் சார். அத வெச்சித்தான் பாட்டே."

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். அவர்களுடைய சுருதி இன்னும் காதிலேயே இருந்தது. அதே இடத்தில் முதல் வரியை எடுத்தாள், புது மெட்டில், மயில் நடப்பது போலத் தத்தித் தத்தி. அவள் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. இரண்டாவது வரியில் கைகள் தோகையாக விரிந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாவது வரியில் வகுப்பு முழுக்க மயில்கள். நாலாவது வரிக்கு முன் ஜாஸ்மின் ஒரு கணம் நிறுத்திக் கையை உயர்த்தினாள்.

அத்தனை பேரும் எம்பிக் குதித்தார்கள்.

"ஆகவே!"

காகங்கள் மறுபடி கிளம்பின.

ஜெகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். "இன்னொரு தரம்," என்றார். பாடினார்கள். "இன்னும் ஒரே ஒரு தரம்," என்றார். மூன்றாவது தரம் 'ஆகவே' வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரும் ஒரு சாண் எம்பினார்.

பாட்டு முடிந்ததும், சிரிக்கக் கூடாது என்று முகத்தை வைத்துக்கொண்டார். "ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு வந்து சேந்துடு. ஆர்டர் தபால்ல வரும். வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்காரே, அவரு யாரு?"

"எங்க அப்பா சார்."

"கூப்புடு, காபி குடிச்சிட்டுப் போவட்டும். ரொம்ப நேரமா கண்ண மூடிக்கினு கீறாரு. தூங்கறாரா, ஜெபம் பண்றாரான்னு தெரியல."

*

திரும்பும் பஸ்ஸில் யாக்கோபு ஏறிய உடனே தூங்கிப்போனார். மாத்தூர் தாண்டியும், ஏறும்போது வாங்கிய வெள்ளரிப்பிஞ்சு கையில் அப்படியே இருக்க, மகளின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஜாஸ்மின் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று ஆரம்பிக்கலாம்.

நாலாவது காரணத்துக்கு யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். இந்தத் தடவை சுருதி, தாளம் எல்லாம் கிடையாது. நேராக.

ஞாயிறுவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்துத் திருப்பும்போது, "அண்ணே!" என்று கத்திக்கொண்டே பிரசன்னா ஓடி வந்தான். கையில் ஒரு லட்டுப் பொட்டலம். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"அண்ணே, உங்களத்தான் தேடிக்கினு இருந்தேன்! ஆர்டர் கைக்கு வந்துடுச்சு! மேனேஜர் கையில கால்ல விழுந்து கேட்டு வாங்கிட்டேன்!"

"இன்னா ஆர்டருப்பா?"

"கோயம்புத்தூர் பிராஞ்சுக்கு மாத்திட்டாங்க அண்ணே! திங்கக்கெழம ஜாயின் பண்ணணும். எடுத்துக்குங்க அண்ணே, லட்டு. நீங்களும் எடுத்துக்குங்க ஜாஸ்மின்."

ஜாஸ்மினின் கை பொட்டலத்துக்குப் பாதி வழியில் நின்றது.

"அடப்பாவி," என்றார் யாக்கோபு. "எல்லாரும் கோயம்புத்தூர்லருந்து இங்க வரணும்னு தவம் கெடக்கறான். நீ இங்கருந்து அங்க ஓடற. நல்ல நாளாப் பாத்து சொன்ன போ! எங்க வூட்டுலயும் விசேஷந்தான். பாப்பாவுக்கு வல்லக்கோட்டையிலயே வேல ஆயிடுச்சு. குன்னூரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்கயேதான்!"

பிரசன்னாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

"குன்னூர்… போவலீங்களா?" என்றான் ஜாஸ்மினைப் பார்த்து.

"போகல," என்றாள் அவள்.

"கேன்சலா?"

"கேன்சல்."

அவன் லட்டுப் பொட்டலத்தைப் பார்த்தான். எலெக்‌ஷன் ஜீப் ஒன்று மைக்கில் அலறியபடி அவர்களைக் கடந்து போனது. ஜாஸ்மினுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. அடக்க அடக்க அதிகமானது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

யாக்கோபு லட்டை ஒரு கடி கடித்தார்.

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். கோயம்புத்தூர்ல உனக்கு யாருப்பா கீறாங்க?"

"யாரும் இல்ல அண்ணே… ஐயா… மாமா…"

யாக்கோபு மெல்லுவதை நிறுத்தினார். பிரசன்னாவை ஒரு தரம் பார்த்தார். முதுகு காட்டி நின்று குலுங்கிக்கொண்டிருக்கும் மகளை ஒரு தரம் பார்த்தார்.

பிறகு, புறப்படத் தயாராக இருந்த சைக்கிளுக்கு மறுபடி ஸ்டாண்டு போட்டார்.